ஐரோப்பாவில் ரோமிங் கட்டணம் குறைந்த கதை

வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் செல்பேசிச் செலவைக் குறைக்க எத்தனையோ வழிகளைக் கையாள்கிறார்கள். உள்ளூர் சிம் அட்டை வாங்குவார்கள், அழைப்பை எடுக்காமல் விடுவார்கள், பேசுவதற்குப் பதில் குறுஞ்செய்தி அனுப்புவார்கள். ஆனால் ஐரோப்பாவில் இந்தச் செலவு பெரிய அளவில் குறைந்ததற்குப் பயணிகளின் சாமர்த்தியம் காரணம் அல்ல. பத்து ஆண்டுகள் படிப்படியாக வளர்ந்த ஒரு சட்டம்தான் காரணம்.

ஒரே செல்பேசி, பல நாடுகள்

1980களின் தொடக்கத்தில் ஐரோப்பிய நாடுகளின் செல்பேசி முறைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருந்தன. ஜெர்மனியில் வாங்கிய செல்பேசி பிரான்சில் வேலை செய்யாது. பொதுவான முறை ஒன்றை உருவாக்க 1982ல் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதுவே பின்னாளில் ஜிஎஸ்எம் என்று உலகம் முழுதும் அறியப்பட்ட தொழில்நுட்பத்தின் பிறப்பு. 1987ல் கோபன்ஹேகன் நகரில் 13 நாடுகளின் தொலைபேசி நிறுவனங்கள் இதை ஏற்று ஒப்பந்தம் செய்துகொண்டன. 1991 ஜூலை 1 அன்று பின்லாந்தில் முதல் ஜிஎஸ்எம் அழைப்பு பேசப்பட்டது. அடுத்த ஆண்டே பின்லாந்து நிறுவனம் ஒன்றுக்கும் பிரிட்டனின் வோடபோனுக்கும் இடையே முதல் ரோமிங் ஒப்பந்தம் கையெழுத்தானது.

ஆக, எல்லை தாண்டியும் பேச முடியுமா என்ற கேள்விக்கு 1992லேயே விடை கிடைத்துவிட்டது. எவ்வளவு பணத்துக்குப் பேசுவது என்ற கேள்விக்கு விடை கிடைக்க மேலும் 25 ஆண்டுகள் ஆயின.

கட்டணம் ஏன் அவ்வளவு அதிகம்?

2017க்கு முன் ஒரு ஜெர்மானியர் ஸ்பெயினுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரது செல்பேசி அங்குள்ள ஏதோ ஒரு நிறுவனத்தின் கோபுரத்தோடு இணைகிறது. அந்த நிறுவனம் அவரிடம் நேரடியாகப் பணம் வாங்குவதில்லை. ஜெர்மன் நிறுவனத்திடம் மொத்த விலையில் வாங்குகிறது. ஜெர்மன் நிறுவனம் தன் லாபத்தையும் சேர்த்து அவருக்கு பில் அனுப்புகிறது. ஊரிலிருந்து யாராவது அவரை அழைத்தால், அழைப்பு முதலில் ஜெர்மனிக்கு வந்து பிறகு ஸ்பெயினுக்குப் போகும். அழைத்தவருக்கு உள்ளூர்க் கட்டணம்தான். மீதி தூரத்துக்கான பணத்தை அழைப்பை எடுத்தவர் கொடுக்க வேண்டும்.

இங்கேதான் சிக்கல். ஊரில் சந்தா வாங்கும்போது மக்கள் உள்ளூர்க் கட்டணத்தைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள், ரோமிங் கட்டணத்தைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. வெளிநாட்டில் இணையும் நிறுவனமோ பலருக்குப் பெயர்கூடத் தெரியாதது. எனவே விலையைக் குறைத்து வாடிக்கையாளரைப் பிடிக்க வேண்டிய அவசியம் இரண்டு நிறுவனங்களுக்குமே இல்லாமல் போனது. பல நாடுகளில் ஒரு நிமிடப் பேச்சு ஒரு யூரோவைத் தாண்டியது.

பயணிகள் தங்களால் முடிந்ததைச் செய்தார்கள். காலிங் கார்டு வாங்கிப் பொதுத் தொலைபேசியில் பேசினார்கள். கிளம்பும் முன் வாய்ஸ் மெயில் வசதியை நிறுத்தி வைத்தார்கள். ஏனென்றால் எடுக்காத அழைப்புகூட வெளிநாடு வரை போய், வாய்ஸ் மெயிலுக்காக ஊருக்குத் திரும்பும்போது இரு வழிக்கும் கட்டணம் விழ வாய்ப்பிருந்தது. எல்லையோர ஊர்களில் இருப்பவர்கள் நிலை இன்னும் மோசம். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே செல்பேசி பக்கத்து நாட்டுக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டால் ரோமிங் பில் வந்தது.

சட்டம் வந்தது

ஐரோப்பிய ஆணையத்தில் தகவல் தொடர்புத் துறைக்குப் பொறுப்பாக இருந்தவர் லக்சம்பர்க் நாட்டைச் சேர்ந்த விவியன் ரெடிங். அவர் முன்னெடுத்த ரோமிங் சட்டம் 2007 ஜூன் 30 அன்று நடைமுறைக்கு வந்தது. வரி நீங்கலாக, வெளிச்செல்லும் அழைப்புக்கு நிமிடத்துக்கு 49 சென்ட், உள்வரும் அழைப்புக்கு 24 சென்ட் என்று உச்சவரம்பு விதிக்கப்பட்டது. நிறுவனங்கள் தங்களுக்குள் வாங்கிக்கொள்ளும் மொத்த விலைக்கும் வரம்பு வந்தது.

நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. வோடபோன், ஓ2, டி-மொபைல், ஆரஞ்ச் ஆகிய நான்கும் பிரிட்டனில் வழக்குத் தொடுத்தன. விலை நிர்ணயிக்க ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அதிகாரம் உண்டா என்பதே கேள்வி. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது. 2010 ஜூன் 8 அன்று சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது.

இதற்கிடையே வரம்பு ஆண்டுதோறும் இறங்கியது. 2009ல் குறுஞ்செய்திக்கு 11 சென்ட் வரம்பு வந்தது. 2010 ஜூலை முதல், வாடிக்கையாளர் வேறு தொகையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் இணையச் செலவு 50 யூரோவைத் தொட்டதும் இணைப்பு நிறுத்தப்பட்டது. விடுமுறை முடிந்து வீடு திரும்பியவர்களை அதிர வைத்த ஆயிரக்கணக்கான யூரோ பில்களுக்கு இது கடிவாளம் போட்டது. 2012ல் இணையத்துக்கும் ஒரு மெகாபைட்டுக்கு 70 சென்ட் என்று வரம்பு வந்து, 2014ல் அது 20 சென்ட் ஆனது. அதே 2014ல் வெளிச்செல்லும் அழைப்பு நிமிடத்துக்கு 19 சென்டாகவும், உள்வரும் அழைப்பு 5 சென்டாகவும் இறங்கின.

கடைசியாக 2017 ஜூன் 15 அன்று ஒன்றியத்துக்குள் ரோமிங் கூடுதல் கட்டணமே ஒழிக்கப்பட்டது. மலிவான நாட்டில் சிம் வாங்கி வேறு நாட்டில் நிரந்தரமாகப் பயன்படுத்துவதைத் தடுக்க மட்டும் நியாயமான பயன்பாட்டு விதி வைக்கப்பட்டது. 2022ல் இந்தச் சட்டம் 2032 வரை நீட்டிக்கப்பட்டது.

எல்லைக்கு வெளியே

சட்டம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு பிரிட்டன் சாட்சி. ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு இந்தச் சட்டம் அந்நாட்டு நிறுவனங்களைக் கட்டுப்படுத்தவில்லை. 2021, 2022 ஆண்டுகளில் அங்குள்ள பெரிய நிறுவனங்கள் சில ரோமிங் கட்டணத்தைத் திரும்பக் கொண்டுவந்தன. சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் சேராத நாடு. ஆகவே பாரிசில் உள்ள ஈழத்தமிழர் ஒருவர் ஜெர்மனியில் உள்ள அண்ணன் வீட்டுக்குப் போனால் தன் ஊரில் பேசும் விலைக்கே பேசலாம். சூரிச்சில் இருக்கும் தம்பி அதே வீட்டுக்கு வந்தால், தன் சந்தாவில் ரோமிங் அடங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

மூவரிடமும் ஒரே வகைச் செல்பேசி இருக்கலாம், ஒரே கோபுரம் இருக்கலாம். தொழில்நுட்பச் செலவு மட்டுமே விலையைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை. பயணிக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இல்லாத இடத்தில் தனி மனிதரின் சிக்கனம் ஓரளவுக்குத்தான் உதவும். மிச்சத்தைப் பொதுவான விதிதான் செய்ய முடியும்.