தட்டின் அடியில் யாருடைய பெயர்?

நியூ லின்னிலோ பக்கத்து ஊர்களிலோ ஒரு பழைய சாமான் கடைக்குள் போய்ப் பாருங்கள். யாராவது ஒருவர் தட்டுகளையும் கோப்பைகளையும் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் தேடுவது ஒரு முத்திரையை: கிரௌன் லின். இன்று ரயில் நிலையமும் கடைகளும் அடுக்குமாடி வீடுகளும் நிறைந்திருக்கும் நம் ஊரில்தான், நியூசிலாந்து முழுவதற்கும் பீங்கான் சாமான் செய்த அந்த ஆலை இருந்தது.

இந்தப் பதிவு அந்த ஆலைக்குள் வேலை செய்ய வந்த சில கலைஞர்களைப் பற்றியது. ஓர் ஓவியரையோ சிற்பியையோ கொஞ்சக் காலம் ஒரு வேலைத்தலத்துக்குள் இருக்க விட்டு, அங்கிருந்தே படைக்கச் சொல்வதை இன்று ‘ஆர்ட்டிஸ்ட் ரெசிடென்சி’ என்கிறார்கள். அந்தப் பெயர் பரவுவதற்கு முன்பே, அதற்கு மிக நெருக்கமான ஒன்று நம் ஊரில் நடந்திருக்கிறது. அது நன்றாக முடிந்ததா இல்லையா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

செங்கல்லில் இருந்து கோப்பைக்கு

நியூ லின் மண் நல்ல களிமண். அதனால் முதலில் இங்கே செய்தது செங்கல்லும் வடிகால் குழாயும்தான். 1929இல் சில செங்கல் நிறுவனங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. அந்தக் கூட்டு நிறுவனத்தின் நீண்ட பெயரைச் சுருக்கி ‘அம்ப்ரிகோ’ என்றார்கள். இன்றும் இங்கே அம்ப்ரிகோ பிளேஸ் என்று ஒரு தெரு இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் வந்ததும், பிரித்தானியாவில் இருந்து கப்பலில் வரும் கோப்பைகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. நியூசிலாந்தில் தங்கியிருந்த அமெரிக்கப் படையினருக்கும் குவளை வேண்டும், ரயில்வேக்கும் கோப்பை வேண்டும். தலைமுறைகளாகச் செங்கல் செய்த குடும்பத்தில் பிறந்த டாம் கிளார்க், அதே ஆலையில் பாத்திரம் செய்ய ஆட்களைப் பழக்கினார். 1948இல் அதற்கு ‘கிரௌன் லின் பாட்டரீஸ்’ என்று பெயர் வந்தது.

கோப்பை செய்யப் பழகிவிட்டார்கள். ஆனால் வீட்டுக்காரர்கள் ஆசைப்பட்டு வாங்குகிற மாதிரி செய்ய வேண்டுமே! அதற்காக வெளியில் இருந்தும் ஆட்களை எடுத்தார்கள். 1948இல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற வெட்ஜ்வுட் ஆலையில் வேலை பழகிய எர்னஸ்ட் ஷஃபிள்பாதம் வந்தார். ஓர் அலங்காரமும் இல்லாமல், வரிவரியாகச் செதுக்கிய வெள்ளை ஜாடிகள் அவருடையவை. 1951 வாக்கில் செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்த மிரெக் ஸ்மிஷெக் வந்தார். கரும்பழுப்புப் பூச்சுப் பூசி, அதில் கோடு கீறி, ‘பொஹீமியா’ வகைப் பாத்திரங்களைச் செய்தார். அவர் அதிக நாள் இருக்கவில்லை. பிற்காலத்தில் சொந்தமாகப் பட்டறை வைத்து, நாட்டின் பெரிய மட்பாண்டக் கலைஞர்களில் ஒருவர் ஆனார்.

கார்ப்பேயின் மூன்று வருடங்கள்

1953இல் வந்தவர் ஃபிராங்க் கார்ப்பே. ஹாலந்துக்காரர். பிக்காசோ மட்பாண்டம் செய்துகொண்டிருந்த தெற்கு பிரான்சின் வல்லோரிஸ் ஊருக்குப் போய் அவரையும் சந்தித்தவர். கிரௌன் லின் அவருக்குத் தனியாக ஒரு பிரிவே கொடுத்தது. அவர் அலங்கரித்த பாத்திரங்களுக்கு ‘ஹாண்ட்வெர்க்’, அதாவது கைவேலை, என்று பெயர் வைத்தார்கள். தடித்த கோடுகள், முகங்கள், வடிவங்கள் என்று எல்லாமே தூரிகையால் நேரடியாக வரைந்தவை. அந்தக் கால நியூசிலாந்து மேசைகளில் அப்படி ஒன்று இருந்ததே இல்லை.

அங்கேதான் சிக்கல். மக்கள் விரும்பியது ஆங்கிலேயப் பாணியில் சின்னச் சின்னப் பூப்போட்ட தட்டு. அதே ஆலையில் அச்சில் வார்த்த வெள்ளை அன்னப்பறவை ஜாடிகள் நன்றாக விற்றன. கார்ப்பேயின் தட்டுகள் விற்கவில்லை. கையால் ஒவ்வொன்றாக வரைவதால் நேரமும் கூட. 1956இல் அந்தப் பிரிவை மூடினார்கள், அவருக்கு வேலை போனது. பிறகு அவர் துணியில் வடிவங்களை அச்சடிக்கும் வேலைக்குப் போனார். அவர் வரைந்த கடற்கரைத் துவாய்கள் பிரபலமாயின. 1985இல் இறந்தார். விற்காமல் போன அந்தத் தட்டுகளையும் ஜாடிகளையும் இன்று அருங்காட்சியகங்கள் வாங்கி வைத்திருக்கின்றன.

‘ஆலை முதலாளிக்கு ரசனை இல்லை’ என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அவர்தானே கார்ப்பேயை வேலைக்கு எடுத்தார்? மூன்று வருடம் சம்பளமும் கொடுத்தார். வாராவாரம் நூற்றுக்கணக்கான பேருக்குச் சம்பளம் கொடுக்கிற இடம், விற்காத பொருளை எத்தனை வருடம் செய்துகொண்டிருக்கும்? நல்ல படைப்புக்குச் சில நேரம் இருபது, முப்பது வருடம் கழித்துத்தான் ரசிகர்கள் வருவார்கள். சம்பள நாள் அதுவரை காத்திருக்காது.

வேறு ஊர்கள் கண்ட வழிகள்

இந்த முடிச்சை அவிழ்க்க மற்ற இடங்களிலும் முயன்றார்கள். 1966இல் லண்டனில் பார்பரா ஸ்டெவெனியும் ஜான் லாதமும் நண்பர்களோடு சேர்ந்து ‘ஆர்ட்டிஸ்ட் பிளேஸ்மென்ட் குரூப்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களுடைய நிபந்தனை வித்தியாசமானது. நிறுவனம் கலைஞருக்குப் பணம் கொடுக்க வேண்டும், ஆனால் ‘எனக்கு இதைச் செய்து கொடு’ என்று கேட்கக் கூடாது! அப்படித்தான் சிற்பி கார்த் எவன்ஸ் 1969இல் பிரித்தானிய உருக்கு நிறுவனத்துக்குள் போனார். விற்பனைக் கவலை கலைஞரை விட்டுப் போனது. ஆனால் அப்படி அள்ளிக் கொடுக்க எத்தனை நிறுவனங்கள் முன்வரும்?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இன்னொரு வழி. அங்கே கோலர் என்ற ஆலை, கைகழுவும் தொட்டியும் கழிப்பறைப் பீங்கானும் செய்கிறது. 1974 முதல் கலைஞர்கள் அந்த ஆலைக்குள் வந்து, அதே களிமண்ணையும் அதே சூளையையும் பயன்படுத்திச் சிற்பம் செய்கிறார்கள். ஆலை அதை விற்றுப் பிழைக்க வேண்டிய தேவை இல்லை. கலை ஒரு பக்கம், தொட்டி ஒரு பக்கம்.

நம் ஆட்களிடமும் ஒரு வழி இருந்தது. சுதந்திரம் அடைந்த பிறகு, 1950களில், இந்திய அரசு நெசவாளர் சேவை மையங்களைத் தொடங்கியது. ஓவியர்களை மாதச் சம்பளத்துக்கு எடுத்து, கைத்தறிக்கு வடிவங்கள் வரைய வைத்தது. வங்காள ஓவியர் ஜோகன் சௌத்ரி 1968 முதல் 1972 வரை சென்னையில் இந்த வேலை பார்த்தார். தமிழ்ச் சிற்றிதழ்களின் கோட்டோவியங்களால் பலரும் அறிந்த கே. எம். ஆதிமூலமும் நெசவாளர் மையத்தில் இருந்தவர்தான். பகலில் சேலைக்குக் கரை, மாலையில் சொந்த ஓவியம். சந்தையில் ஒரு வடிவம் தோற்றாலும் ஓவியரின் சம்பளம் அன்றே நின்றுவிடாது. ஆனால் சேலையைத் திருப்பிப் பார்த்தாலும் வரைந்தவர் பெயரும் இருக்காது, நெய்தவர் பெயரும் இருக்காது.

பெயர் இல்லாதவர்கள்

பெயர் என்றதும் மறுபடி கிரௌன் லின்னுக்கே வருகிறேன். ‘கார்ப்பே ஜாடி’ என்று இன்று நாம் சொல்கிறோம். ஆனால் அவற்றில் சிலவற்றைச் சக்கரத்தில் வனைந்தவர் டானியல் ஸ்டீன்ஸ்ட்ரா என்ற இன்னொரு ஹாலந்துக்காரர். இரண்டு பேருடைய கை, ஒருவருடைய பெயர்.

ஸ்டீன்ஸ்ட்ராவின் பெயராவது சேகரிப்பாளர்களுக்குத் தெரியும். கோப்பைக்குக் கைப்பிடி ஒட்டியவர்கள், ஒட்டுப்படத்தை நீரில் ஊறவைத்துச் சுருக்கம் விழாமல் தட்டில் பதித்தவர்கள், சூளையில் அடுக்கியவர்கள்? அவர்களில் நிறைய மாவோரி மக்கள் இருந்தார்கள், பசிபிக் தீவுகளில் இருந்து வந்தவர்கள் இருந்தார்கள், பெண்கள் இருந்தார்கள். வேலைக்காக வேறு ஊரில் இருந்தும் வேறு நாட்டில் இருந்தும் நியூ லின்னுக்கு வந்தவர்கள், நம் பெற்றோர் மாதிரி.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த கலைஞர் நியூயார்க்கைச் சேர்ந்த மியர்ல் லாடர்மன் யூகெலெஸ். 1977இல் அவர் நகரத்தின் துப்புரவுத் துறையில் கலைஞராகச் சேர்ந்தார், சம்பளம் இல்லாமல். 1979, 1980இல் அவர் செய்த படைப்பு என்ன தெரியுமா? ஏறத்தாழ 8,500 துப்புரவுத் தொழிலாளர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போய்க் கைகுலுக்கி, நகரத்தை உயிரோடு வைத்திருப்பதற்கு நன்றி சொன்னார். விற்பதற்கு அதில் ஒரு பொருளும் இல்லை. ஆனால் அங்கே வேலை செய்தவர்கள் எல்லாரும் அந்தப் படைப்புக்குள் இருந்தார்கள்.

கிரௌன் லின்னில் அப்படி யாரும் செய்யவில்லை. 1980களில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் மலிவான வெளிநாட்டுத் தட்டுகள் குவிந்தன. 1989இல் ஆலை மூடப்பட்டது. ரிச்சர்ட் குவின் என்ற சேகரிப்பாளர் அங்கிருந்த அச்சுகளையும் மாதிரிகளையும் குப்பைக்குப் போகாமல் காப்பாற்றினார். அந்தச் சேகரிப்பு பிறகு அம்ப்ரிகோ பிளேஸில், பழைய செங்கல் சூளைக்குப் பக்கத்தில் அமைந்த டெ டோய் உகு என்ற சிறிய அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. மாவோரி மொழியில் டோய் என்றால் கலை, உகு என்றால் களிமண்.

என் கருத்து இதுதான். வேலைத்தலத்துக்குள் ஒரு கலைஞரை அழைப்பது நல்ல காரியம். ஆனால் அவரை ஓர் ஓரத்தில் தனியாக உட்கார வைத்தால், அவர் போகும்போது எல்லாம் அவரோடு போய்விடும். பக்கத்தில் நிற்கிறவர்களின் கையும் பெயரும் அதில் சேர்ந்தால்தான் அந்த இடத்தில் ஏதாவது தங்கும்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் வீட்டில் யாராவது ஆலையிலோ, பேக்கரியிலோ, கிடங்கிலோ, மருத்துவமனையிலோ வேலை செய்தால், அவர்களுடைய கை அங்கே என்ன செய்கிறது என்று கேளுங்கள். சொல்லச் சொல்ல வரையுங்கள். படத்தின் கீழே முதலில் அவர்களுடைய பெயரை எழுதுங்கள், பிறகு உங்களுடையதை.