'ஸ்பானிஷ்: ஃப்ளூயன்ட்' – யார் சொன்னது?

ரெஸ்யூமேல 'ஸ்பானிஷ்: ஃப்ளூயன்ட்'னு ஒருத்தர் போட்டா, அதை எதை வெச்சு நம்புறது? 1950-களில் இதே கேள்வி அமெரிக்க அரசாங்கத்துக்கு வந்தது.

கொரியப் போர் சமயம். எந்த ஊழியருக்கு எந்த மொழி எவ்வளவு தெரியும்னு கணக்கெடுக்கணும். கையில் இருந்தது, அவங்கவங்க தங்களைப் பத்தி ஃபைல்ல எழுதி வெச்சது மட்டும்தான். காலேஜ்ல நல்ல மார்க் வாங்கினவரும் 'நல்லா வரும்'னு எழுதலாம், அந்த நாட்டுல போய் இருந்துட்டு வந்தவரும் அதையே எழுதலாம். ரெண்டும் ஒண்ணா? அதனால 1952-ல் பொதுவான ஒரு அளவுகோல் உருவாக்கச் சொன்னாங்க. வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனத்தில், மொழியியலாளர் ஹென்றி லீ ஸ்மித் தலைமையில் அந்த வேலை நடந்தது.

1955-ல் தூதரக அதிகாரிகள்கிட்ட சர்வே எடுத்தாங்க. வேலைக்கு உதவுற அளவுக்கு ஒரு வெளிநாட்டு மொழி தெரியும்னு சொன்னவங்க பாதிப் பேர்கூட இல்லை. அதுவும் அவங்களே சொன்ன கணக்கு! அடுத்த வருஷமே, இனி டெஸ்ட் வெச்சுத்தான் ஏத்துக்குவோம்னு அரசாங்கம் அறிவிச்சது.

ஐரோப்பா கொஞ்சம் வேற வழியில போச்சு. 'எவ்வளவு தெரியும்'னு கேட்காம, 'என்ன செய்ய முடியும்'னு கேட்டாங்க. வழி கேட்க முடியுமா? ஒரு கருத்தை வாதாடி நிறுத்த முடியுமா? (நம்ம பாஷைல சொன்னா, யூனிட் டெஸ்ட்.) 1990-களில் சுவிட்சர்லாந்தில் கிட்டத்தட்ட 300 ஆசிரியர்களையும் சுமார் 2,800 மாணவர்களையும் வெச்சு அந்த வாக்கியங்களைச் சோதிச்சாங்க. 2001-ல் ஏ1 முதல் சி2 வரையான ஆறு படிகள் புத்தகமா வந்தது. நாமே டிக் பண்ணிப் பார்க்க ஒரு அட்டவணையும் அதுல இருக்கு.

ஆனா ஸ்பெயின் அரசாங்கம் அந்த டிக்கை நம்பாது. 2015 சட்டப்படி, ஸ்பானிஷ் தாய்மொழி இல்லாதவர் அங்கே குடியிருந்து குடியுரிமை கேட்டா, பொதுவா ஏ2 தேர்வு பாஸ் பண்ணணும்.

நம்மை ஏமாத்துறதுல ஸ்பானிஷ் கில்லாடி. எழுதினபடியே கிட்டத்தட்ட வாசிச்சிடலாம்; மூணு மாசத்துல தைரியம் வந்துடும். அப்புறம்தான் இருக்கு. 'நீ வர்ற' என்பது 'வியெனெஸ்'. 'நீ வரணும்னு விரும்புறேன்'னு சொல்லும்போது அதே வினை 'வெங்காஸ்' ஆகிடும். கியூபாக்காரர் பேசினா 'எஸ்தாமோஸ்'ல இருக்கிற ரெண்டு 'ஸ்'ஸும் தேய்ஞ்சே போயிடும். ஆப்ல கேட்ட குரலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இருக்காது.

அந்த ஆறு படிகளில் எனக்கு ரொம்பப் பிடிச்சது பி2. ஸ்பானிஷைத் தாய்மொழியா பேசுறவரோட பேசும்போது ரெண்டு பேருக்குமே சிரமம் இருக்கக் கூடாதுன்னு கேட்குது. ரெண்டு பேருக்குமே! அதனால அடுத்த தடவை பேசும்போது, எதிர்ல இருக்கிறவர் எத்தனை தடவை வேகத்தைக் குறைச்சார், எத்தனை தடவை இங்கிலீஷுக்குத் தாவினார்னு எண்ணிப் பாருங்க. ரெஸ்யூமேல என்ன போடலாம்னு அப்புறம் பேசுவோம்.