பாஸ்கா இரவும் குழந்தைகளின் கேள்விகளும்

செதேர் என்பது பாஸ்கா பண்டிகையின் தொடக்க இரவில் யூதர்கள் வீட்டில் நடத்தும் சடங்கு விருந்தாகும். எபிரேய மொழியில் இச்சொல்லுக்கு 'ஒழுங்கு' என்று பொருள். எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலர் விடுதலை பெற்ற கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வதே இதன் மைய நோக்கம்.

தோற்றம்

விடுதலையின் காரணத்தைத் தந்தை மகனுக்குச் சொல்ல வேண்டும் என்று யாத்திராகமத்தின் 13ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. எருசலேம் ஆலயம் இருந்த காலத்தில் அங்கு ஆட்டுக்குட்டியைப் பலியிட்டு, அதன் இறைச்சியை உண்பதே பாஸ்காவின் முதன்மைச் சடங்கு. கி.பி. 70இல் ரோமானியர் ஆலயத்தை அழித்தபின் பலி நின்றது. பண்டிகைக்கு வீடே இடமாயிற்று.

கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டநூல் இவ்விரவின் முறையை விவரிக்கிறது. இரண்டாம் கிண்ணத்தில் திராட்சை மது ஊற்றியதும் மகன் தந்தையிடம் கேள்வி கேட்க வேண்டும். கேட்கத் தெரியாத பிள்ளைக்குத் தந்தையே கேள்வியைக் கற்றுத்தர வேண்டும். பிள்ளையின் அறிவுக்கு ஏற்ப விளக்கம் அமைய வேண்டும். மிஷ்னாவில் உள்ள கேள்விகளுள் ஒன்று சுட்ட இறைச்சி பற்றியது. பலி நின்றதால் அது வழக்கொழிந்து, சாய்ந்து அமர்ந்து உண்பது பற்றிய கேள்வி பின்னர் சேர்ந்தது.

கேள்வியைத் தூண்டும் வழிகள்

குழந்தைகள் தூங்கிவிடாமல் இருக்க, அவர்களுக்கு வறுத்த தானியமும் கொட்டைப் பருப்புகளும் கொடுக்கும் வழக்கத்தைத் தல்மூத் குறிப்பிடுகிறது. உண்ணும் முன்பே மேசையை அகற்றுவதும் ஓர் உத்தி. ரப்பா என்னும் அறிஞரின் வீட்டில் அவ்வாறு செய்தபோது, அங்கு வளர்ந்த அபாயே, இன்னும் சாப்பிடவில்லையே, ஏன் எடுக்கிறீர்கள் என்று வியந்து கேட்டார். வழக்கமான கேள்விகளுக்கு இனித் தேவையில்லை என்றார் ரப்பா. மனப்பாடக் கேள்வியைவிட இயல்பாக எழும் கேள்வியே உயர்ந்தது என்பது இதன் கருத்து.

மேசையிலுள்ள உணவுகளும் பாடமாகின்றன. புளிக்காத அப்பம் அவசரப் புறப்பாட்டையும், கசப்புக் கீரை அடிமை வாழ்வையும், உப்புநீர் கண்ணீரையும், பழமும் பருப்பும் கலந்த ஹரோசேத் செங்கல் சேற்றையும் உணர்த்துகின்றன. ஒளித்து வைத்த அப்பத் துண்டைத் தேடிப் பரிசு பெறுவது பல குடும்பங்களில் குழந்தைகளின் விளையாட்டு. சில கீழைநாட்டு யூதர்களிடையே குழந்தைகள் தோளில் மூட்டை சுமந்து, எகிப்திலிருந்து வருவதுபோல் நடிப்பர்.

ஹகாதா

செதேரில் வாசிக்கப்படும் நூல் ஹகாதா. அறிவுள்ளவன், பொல்லாதவன், எளியவன், கேட்கத் தெரியாதவன் என நான்கு வகைப் பிள்ளைகளுக்குத் தனித்தனி மறுமொழிகளை அது தருகிறது. 14ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் உருவான சரயேவோ ஹகாதா வண்ண ஓவியங்களுக்குப் பெயர்பெற்றது. அதன் தாள்களில் உள்ள மதுக்கறைகள் அது விருந்து மேசையில் பயன்பட்டதைக் காட்டுகின்றன. 1526இல் பிராகாவில் மரச்செதுக்குப் படங்களுடன் ஹகாதா அச்சிடப்பட்டது.

கேட்க முடியாத குழந்தைகள்

1492இல் ஸ்பெயின் யூதர்களை வெளியேற்றியது. 1497இல் போர்த்துகலில் அவர்கள் கட்டாயமாகக் கிறித்தவராக்கப்பட்டனர். 1536இல் அங்கு விசாரணை மன்றம் நிறுவப்பட்டது. மறைவாக யூத மரபைக் காத்த குடும்பங்களில் சிறுவர்களின் கேள்வியே ஆபத்தானது. ஒரு குழந்தை வெளியில் சொல்லும் ஒரு சொல் குடும்பத்தையே சிறைக்கு அனுப்பக்கூடும். அதனால் பல பெற்றோர் பிள்ளைகள் பதின்ம வயதை எட்டும்வரை உண்மையைச் சொல்லவில்லை. போர்த்துகலின் பெல்மோந்த்தே ஊரில் இத்தகைய சமூகம் வாழ்வதைச் சாமுவேல் ஷ்வார்ட்ஸ் என்னும் சுரங்கப் பொறியாளர் 1917இல் கண்டறிந்தார். அங்கு எபிரேய நூல்கள் மறைந்துவிட்டன. பெண்கள் வாய்வழியாகக் காத்த வேண்டுதல்களே எஞ்சியிருந்தன. ஐயம் எழாதிருக்கப் பாஸ்காவையும் சில நாள் தள்ளியே கொண்டாடினர்.

இன்று

இன்றும் பெரும்பாலும் வீட்டின் இளைய குழந்தையே கேள்விகளைப் பாடுகிறது. குழந்தை இல்லாத வீட்டிலும் கேள்வி விடுபடுவதில்லை. அங்கே மனைவி கேட்க வேண்டும். தனித்திருப்பவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும் என்கிறது தல்மூத்.