பனியில் மாட்டிக்கொண்ட ஃபோர் வீல் டிரைவ்

வீட்டு ஃப்ரீசருக்குள் இருக்கும் குளிர் சுமார் மைனஸ் 18 டிகிரி. அமெரிக்காவின் மினசோட்டாவிலும் கனடாவின் ஆல்பர்ட்டாவிலும் ஜனவரியில் அதைவிடக் குளிரான காலைகள் சகஜம். அங்கே பலர் ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் டிரக் வாங்குவதே இந்த நாட்களுக்காகத்தான். ஆனால் அன்றைக்குப் பார்த்துத்தான் அது மக்கர் செய்யும்! லீவரைத் தள்ளினாலும் முன் சக்கரங்கள் இழுக்காது. ஏன் என்று தேடிப் போனால் கதை ஜீப் காலத்துக்குப் போகிறது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவ ஜீப்புகள் பொதுமக்கள் கைக்கு வந்தன. அவற்றில் ஒரு குறை. நல்ல சாலையில் ஃபோர் வீல் டிரைவை எடுத்துவிட்டாலும், முன் சக்கரங்கள் உருள உருள முன் ஆக்ஸில், டிஃபரன்ஷியல், ஷாஃப்ட் எல்லாம் கூடவே சுற்றும். பெட்ரோலும் வீண், தேய்மானமும் வீண். 1948-இல் ஆர்தர் வார்ன் தொடங்கிய நிறுவனம், சக்கரத்தை ஆக்ஸிலிலிருந்து பிரித்துவைக்கும் ஹப்களைச் செய்து விற்றது. பிறகு பரவலான ஹப்களில் நடுவே ஒரு டயல் இருக்கும். இறங்கி, இரண்டு பக்கமும் கையால் திருப்ப வேண்டும். கெட்டுப்போக அதில் அதிகம் ஒன்றும் இல்லை.

ஆனால் முழங்கால் ஆழப் பனியில் யார் இறங்குவது? சொகுசு விற்கும், உறுதி அவ்வளவாக விற்காது. தானே பூட்டிக்கொள்ளும் ஹப்கள் வந்தன. குளிரில் கிரீஸ் இறுகினால் அவையும் சரியாகப் பூட்டாது.

1988-இல் ஜெனரல் மோட்டார்ஸின் பெரிய பிக்கப்களில் வந்த ஏற்பாடு இன்னும் வேடிக்கை. முன் ஆக்ஸிலின் ஒரு பக்கம் இரண்டு துண்டு. அவற்றை இணைக்க ஒரு சின்ன ஆக்சுவேட்டர். லீவரைத் தள்ளியதும் அதற்குள் மின்சாரம் பாயும், ஹீட்டர் சூடாகும், உள்ளிருக்கும் பொருள் விரிந்து ஒரு தண்டை வெளியே தள்ளும். பனிக்காலத்துக்கான கருவி, சூடானால்தான் வேலை செய்யும்! கடுங்குளிரில் அது நிமிடக்கணக்கில் யோசிக்கும், சில நேரம் அசையவே அசையாது.

இங்கேதான் பலர் ஏமாந்தார்கள். லீவர் விழுந்துவிட்டது, வண்டி இழுக்கவில்லை என்றதும் பழி ட்ரான்ஸ்ஃபர் கேஸ் மேல் விழும். அதைக் கழற்றினால் பெரிய செலவு. உண்மையில் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் மாறியிருக்கும், முன் ஷாஃப்ட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் ஆக்ஸிலின் ஒரு பக்கம் விட்டுப்போயிருப்பதால், டிஃபரன்ஷியல் அத்தனை சுழற்சியையும் அந்த வெற்றுத் துண்டுக்கே கொடுத்துவிடும். ஆகவே வண்டியை ஸ்டாண்டில் பத்திரமாகத் தூக்கிவைத்து, முன் ஷாஃப்ட் சுற்றுகிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. சுற்றினால், சந்தேகம் ஆக்சுவேட்டர் மேலும் அதற்குப் போகும் மின்சாரத்தின் மேலும்தான். சில வருடங்களில் அந்த இடத்துக்கு மின் மோட்டார் வைத்த ஆக்சுவேட்டர் வந்துவிட்டது, பழைய வண்டிகளுக்கும் மாற்றிக்கொள்ள முடிந்தது.

டாட்ஜ் நம்பியது இன்ஜினின் வேக்குவத்தை. 1994-இல் வந்த ராம் டிரக்கிலும் அதே ஆக்ஸில் இணைப்பு, ஆனால் ரப்பர் குழாய்கள் வழியாக. குழாய் வெடித்துக் காற்று கசிந்தால் இணைப்பு நகராது.

ஃபோர்டு 2004 எஃப்-150-இல் இதைத் தலைகீழாக்கியது. அங்கே வேக்குவம் ஹப்களைப் பிரித்துவைக்கும், ஸ்பிரிங் இணைக்கும். கசிந்தால் வண்டி ஃபோர் வீல் டிரைவை இழக்காது. உருப்படியான யோசனை. ஆனால் வேக்குவம் பாதி குறைந்தால் ஹப் பற்கள் அரைகுறையாக உரசிக் கரகரவென்று சத்தம் போடும். வால்வுக்குள் புகுந்த ஈரம் உறைந்தாலும் இதே கதி. நல்ல சாலையில் கேட்கும் சத்தம், பனிச் சாலையில் ஃபோர் வீல் டிரைவுக்கு மாற்றியதும் நின்றுவிட்டால் பெரும்பாலும் வேக்குவம்தான் காரணம்.

கனரக வேலைக்கென்று ஃபோர்டு 1999 மாடலாகக் கொண்டுவந்த சூப்பர் டியூட்டி டிரக்குகளில் வேக்குவம் தானாகவே ஹப்பைப் பூட்டும் வசதி உண்டு. ஆனாலும் ஹப்பின் நடுவில் ஒரு டயலையும் விட்டுவைத்தார்கள். வேக்குவம் கைவிட்டால் ஓட்டுநர் பனியில் இறங்கி அதைக் கையால் திருப்பிக்கொள்ளலாம்.