தசைச்சிதைவு நோயில் சிவப்பணு ஆய்வு

நோய் தசையில், தேடியது இரத்தத்தில். டுஷேன் தசைச்சிதைவு நோயின் மூலகாரணத்தைச் சிவப்பணுவில் கண்டுவிடலாம் என்ற நம்பிக்கை 1960-களின் பிற்பகுதியில் எழுந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்தது. சிறுவனின் தசையை வெட்டி எடுப்பதைவிட இரத்தம் எடுப்பது எளிது என்பது ஒரு காரணம். சிவப்பணுவின் ஆற்றல் கணக்கு எளியது என்பது மற்றொன்று. உட்கருவோ மைட்டோகாண்ட்ரியாவோ அதற்கு இல்லை. குளுக்கோசை ஆக்சிஜனின்றிச் சிதைத்துக் கிடைக்கும் ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறைக் கொண்டே சுமார் 120 நாள் வாழ்கிறது. சோடியத்தை வெளித்தள்ளும் சவ்வுப் பம்பும் அதில்தான் ஓடுகிறது.

நோயாளிகளின் சிவப்பணுச் சவ்வில் ஏ.டி.பி.யைச் சிதைக்கும் நொதி மாறுபட்டு நடப்பதாக 1967-இல் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் அறிக்கை வந்தது. 1970-களில் இன்னும் பல: அணுவில் முள் முளைத்திருக்கிறது, வளைந்து கொடுப்பதில்லை, ஸ்பெக்ட்ரின் என்ற சவ்வுப் புரதத்தில் பாஸ்பேட் ஏறுவது மாறியிருக்கிறது. ஆனால் ஓர் ஆய்வகம் கண்டதை இன்னோர் ஆய்வகம் காணவில்லை. சிவப்பணு நம்பகமான சாட்சியல்ல. கடலாடி என்ற ஊரின் வெயிலில் எடுத்த இரத்தத்தைப் பனிப்பெட்டியில்லாமல் மதுரைக்குக் கொண்டுபோனால், வழியிலேயே குளுக்கோசும் ஏ.டி.பி.யும் குறையத் தொடங்கும், ஏ.டி.பி. தீர்ந்தால் நோயற்றவரின் சிவப்பணுவுக்கும் முள் முளைக்கும்.

சிவப்பணு முற்றிலும் பயனற்றுப் போகவில்லை. 1985-இல் விவரிக்கப்பட்ட ஒரு சிறுவனுக்கு டுஷேன் நோயோடு மக்லியோட் எனப்படும் சிவப்பணுக் குறைபாடும் வேறு இரு நோய்களும் இருந்தன. எக்ஸ் குரோமோசோமில் ஒரு துண்டே காணாமல் போயிருந்தது. அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டு பாஸ்டனில் லூயி குங்கெல் குழு 1986-இல் மரபணுவை எட்டியது. 1987-இல் அதன் புரதத்துக்கு டிஸ்ட்ரோபின் என்று பெயரிட்டது. அது ஸ்பெக்ட்ரினின் உறவுக்காரப் புரதம். சவ்வில்தான் கோளாறு என்ற ஊகம் சரி. சவ்வு மட்டும் வேறு.

ஆற்றல் கோளாறு தசையையும் சிவப்பணுவையும் ஒருசேரத் தாக்குவது வேறொரு நோயில்: 1965-இல் ஜப்பானில் தாருயி விவரித்தது. குளுக்கோஸ் சிதைவுக்கான பாஸ்போஃபிரக்டோகைனேஸ் நொதியின் தசை வடிவம் சிவப்பணுவிலும் பங்குபெறுவதால், தசைப்பிடிப்போடு இரத்தச் சிதைவும் வருகிறது.

டுஷேன் நோய்க்கோ, 1959-இல் எபாஷி குழு சீரத்தில் கண்ட கிரியேட்டின் கைனேஸ் நொதியின் உயர்வே இன்றும் முதல் தடயம். நம்மூர் லேப்களில் ‘சி.பி.கே.’ டெஸ்ட். அடுத்தது மரபணுச் சோதனை. தமிழ்நாட்டில் கோவையின் எம்.டி.சி.ஆர்.சி. மையம் இதைச் செய்துவருகிறது. அதற்கும் இரத்தம்தான் எடுக்கிறார்கள், டி.என்.ஏ. கிடைப்பது வெள்ளணுக்களிலிருந்து.