ஊரடங்கில் நாட்டின் மின் தேவை சரிந்தது... வீட்டு கரண்ட் பில் மட்டும் எகிறியது ஏன்?

2020 மார்ச் 25. கொரோனாவால் நாடு முழுக்க ஊரடங்கு. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் மில், தறி, கடை எல்லாம் மூடல். எம்.ரெட்டியபட்டி போன்ற ஊர்களில் மக்கள் வீட்டிலேயே இருந்ததால், ஃபேனும் டிவியும் நாள் முழுக்க ஓடின. அப்போது மின்சாரத்துக்கு என்னதான் ஆச்சு?

தேவை எவ்வளவு குறைந்தது?
2020 ஏப்ரலில் இந்தியாவின் மின் நுகர்வு, முந்தைய ஏப்ரலைவிட 20 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. நாட்டின் மின்சாரத்தில் சுமார் பாதியை இழுப்பது ஆலைகள், வணிக நிறுவனங்கள், ரயில்கள்தான். வீடுகளில் கூடிய பயன்பாட்டால் அந்தச் சரிவை ஈடுகட்ட முடியவில்லை.

குறைந்தால் நல்லதுதானே?
அப்படிச் சொல்லிவிட முடியாது. மின்சாரத்தைப் பெரிய அளவில் சேமித்து வைப்பது கடினம். உற்பத்தியும் தேவையும் நொடிக்கு நொடி சமமாக இருந்தால்தான் மின்தொகுப்பின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸில் நிற்கும். தவறினால் பல மாநிலங்கள் இருளில் மூழ்கலாம்.

யார் உற்பத்தியைக் குறைப்பது?
முதலில் குறைக்க வேண்டியது அனல் மின் நிலையங்கள்தான். சூரிய மின்சாரத்துக்கும் காற்றாலைக்கும் 'மஸ்ட் ரன்' சலுகை உண்டு. ஊரடங்கிலும் அது தொடரும் என 2020 ஏப்ரல் 1-ல் மத்திய அரசு தெளிவுபடுத்தியது. பக்கத்து மாவட்டமான ராமநாதபுரத்தின் கமுதியில் இருக்கும் 648 மெகாவாட் சூரிய மின் நிலையமும் இந்த வகைதான்.

அந்த 9 நிமிடம்
ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு பிரதமர் அழைப்பில் மக்கள் விளக்கை அணைத்தார்கள். தேவை சில நிமிடங்களில் சுமார் 31,000 மெகாவாட் இறங்கி, மறுபடி ஏறியது. இரவில் சூரிய மின்சாரம் கிடையாது. சட்டென்று கூட்டவும் குறைக்கவும் முடிந்த நீர்மின் நிலையங்களே பெரிதும் கைகொடுத்தன.

பில் எகிறியது எப்படி?
தமிழ்நாட்டில் வீடுகளுக்கு 2 மாதத்துக்கு ஒருமுறை ரீடிங். ஊரடங்கில் கணக்கெடுக்க ஆள் வர முடியாததால், முந்தைய பில் தொகையையே கட்டச் சொன்னது மின்வாரியம். அது வெயில் ஏறுவதற்கு முந்தைய, குறைவான தொகை. பிறகு 4 மாத ரீடிங்கை ஒன்றாக எடுத்து, இரண்டாகப் பிரித்து, தலா 100 யூனிட் இலவசம் போக கணக்கிட்டார்கள். ஏற்கெனவே கட்டிய பணம் கழிக்கப்பட்டது. கோடையில் கூடுதலாக ஓடிய யூனிட்டுக்கான பாக்கி மொத்தமாக வந்து விழுந்தது. வேலையும் வருமானமும் இல்லாத நேரத்தில் வந்த அடி இது.

பணத்தைக் கழிக்காமல் யூனிட்டைக் கழிக்க வேண்டும் என்று வழக்கு போனது. 2020 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

கவனிக்க
ரீடிங் எடுக்க ஆள் வராத மாதம், மீட்டரைத் தேதி தெரிய போட்டோ எடுத்து வையுங்கள். பில்லில் சந்தேகம் இருந்தால் 94987 94987 என்ற மின்னகம் எண்ணில் புகார் சொல்லலாம்.