ஓராண்டு என்பது

கோட்டக்குப்பத்தின் தெற்கெல்லையிலேயே புதுச்சேரி தொடங்கிவிடுகிறது. ஆயினும் பிளஸ் டூ முடிவு வெளியாகும் நாளில் இருபுறத்துப் பிள்ளைகளுக்கும் நெடுங்காலம் அச்சம் ஒன்றே. எழுதியது ஒரே தமிழக வாரியத் தேர்வு. ஒரு பாடத்தில் தவறினாலும் கல்லூரி ஓராண்டு தள்ளிப்போகும். பதினேழு வயதில் ஓராண்டு என்பது ஏறத்தாழ ஓர் ஆயுள்.

1986இல் சென்னையில் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவும், அதன் நிறுவனர் மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் மறுதேர்வை உடனே நடத்தக் கோரினர். 2000களில் அது நடைமுறைக்கு வந்தது. அறிவுரைகளைவிட இந்தத் தேதி மாற்றமே அதிக உயிர்களைக் காத்திருக்கும் என்று கருதுகிறேன். 2017இல் ராங்க் பட்டியல் ஒழிந்தது (நாளிதழ்களுக்குத்தான் வருத்தம்!), 2018இல் 14417 உதவி எண் வந்தது.

தேர்வோடு தொடர்பின்றி, ஆண்டு முழுதும் கடைசி பெஞ்சில் பேசாமல் வாடும் பிள்ளையை முதலில் கவனிக்க வேண்டியவர், இன்றும் பெரும்பாலும் வகுப்பாசிரியர்தாம்.